செங்கோட்டை கிட்டப்பாவும் கடைசி வரிசை ரசிகரும்



சாரல் தொடங்கிவிட்டது. மொட்டை மாடிக்குப் போனால் குற்றால மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று வெளியூர் உறவினர்கள் தினமும் போன் செய்கிறார்கள். இந்தப் பரபரப்பில், நம் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரு விஷயம் பலர் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

சுதந்திர தினத்தன்று மாலையில் வழக்கமாக நடக்கும் கலை நிகழ்ச்சியை இந்த வருடம் மேடையில் நடத்த வேண்டாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பாட விரும்புகிறவர்களும் ஆட விரும்புகிறவர்களும் வீட்டிலேயே செல்போனில் படம் பிடித்து அனுப்பலாம்; அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஹாலில் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, வாட்ஸப் குழுவிலும் பகிர்ந்துவிடலாம் என்கிறார்கள். காரணங்களும் நியாயமானவைதான். போன வருடம் மழை பெய்தது. மைக் இரண்டு முறை மக்கர் செய்தது. நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது நாற்காலிகளில் முப்பது பேர்கூட இல்லை. மேடை, ஒலிபெருக்கி வாடகை மிச்சமாகும். குழந்தைகளுக்கு மேடைப் பயமும் இல்லை.

36 வருடம் வங்கியில் எண்களோடு உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கணக்கில் கூட்டல் பிழை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தலைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விளக்க, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஆகஸ்டு 25 அவருடைய பிறந்த நாள். பெயர் எஸ்.ஜி. கிட்டப்பா.

செங்கோட்டையில் பிறந்த பிள்ளை

செங்கோட்டை என்றதும் நமக்கு வாஞ்சிநாதன் நினைவுக்கு வருவார். அடுத்து ஆரியங்காவு போகும் மலை ரயில் நினைவுக்கு வரும். அதே ஊரில்தான் 1906-ல் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கிருஷ்ணன் வீட்டுச் செல்லத்தில் கிட்டனாகி, கிட்டப்பா ஆனான். எஸ் என்பது செங்கோட்டை, ஜி என்பது கங்காதர ஐயர்.

அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு அரசாங்கம்! 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிட்டப்பா பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1904-ல், செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து ரயில் போட்டிருந்தார்கள்.

பெரிய குடும்பம், கையில் காசு இல்லை. பள்ளிக்கூடப் படிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருந்தது, நாடகக் கம்பெனி. சோறு போடுவார்கள், துணி கொடுப்பார்கள், பாட்டும் வசனமும் கற்றுக்கொடுப்பார்கள். பாய்ஸ் கம்பெனி என்று பெயர். முழுக்கச் சிறுவர்களே ராஜாவாகவும் ராணியாகவும் வேடம் கட்டுவார்கள். கிட்டப்பாவின் அண்ணன்மார் முதலில் போனார்கள். பின்னாலேயே இவரும் போனார்.

போய்ச் சேர்ந்த இடம் சாதாரணமானதல்ல. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடிச் சீமைக்காரர் சங்கரதாஸ் சுவாமிகள், 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று ஏறத்தாழ 40 நாடகங்கள் எழுதியவர். அவரிடம் பயிற்சி என்றால் விளையாட்டில்லை. பாடம் தப்பினால் அடி விழும். அந்தக் கண்டிப்பில்தான் கிட்டப்பா ஐந்தாறு வயதிலேயே மேடை ஏறினார்.

அந்த வயதில் நம் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறவே அழுவார்கள். கிட்டப்பாவோ தூங்கும் நேரத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான முகங்களுக்கு முன்னால் நின்று பாடினார். சங்கீதத்தை முறையாக வருடக்கணக்கில் குருகுலத்தில் உட்கார்ந்து கற்றவர் அல்ல. பெரும்பாலும் கேள்வி ஞானம். எந்தப் பிருகாவுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது, எந்த இடத்தில் மெதுவாகப் பாடினால் பேச்சுச் சத்தம் அடங்குகிறது என்பதையெல்லாம் கொட்டகையில் இருந்தவர்களின் முகம் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். சுவாமிகள் ஒரு வாத்தியார் என்றால், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இன்னொரு வாத்தியார்.

கொட்டகையும் குரலும்

பதின்ம வயதில் கன்னையா கம்பெனிக்குப் போனார். தந்திரக் காட்சிகளுக்கும் பிரமாண்டமான திரைச்சீலைகளுக்கும் தமிழ்நாடெங்கும் பெயர் வாங்கிய கம்பெனி அது. அங்கே நடந்த தசாவதாரம் நாடகத்தில் கிட்டப்பாவின் பாட்டுக்கென்றே ஜனங்கள் வந்தார்கள். அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம். தம்பி எந்தச் சுரத்தில் போய் நிற்பான் என்று அண்ணனுக்குத் தெரியும்.

பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. மகரக்கட்டு. குரல் உடையும் வயது வந்துவிட்டால் நேற்றுவரை குயிலாகப் பாடிய பையனின் தொண்டையிலிருந்து கரகரப்பு வரும். பிழைப்பே போய்விடும். பலருக்கு அப்படிப் போயிருக்கிறது. கிட்டப்பாவுக்கு அந்த வயதைத் தாண்டியும் உச்ச சுருதியில் நின்று விளையாடும் குரல் வாய்த்திருந்தது. இன்றைக்கும் அவருடைய இசைத்தட்டைக் கேட்டால் முதலில் நம்மைத் திடுக்கிட வைப்பது அந்த உயரம்தான்.

அந்த உயரத்துக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அன்று மைக் கிடையாது. தகரமோ கீற்றோ வேய்ந்த கொட்டகை. மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தம். நடுநடுவே குழந்தை அழும், சோடா விற்பவன் குரல் கேட்கும். இவ்வளவையும் தாண்டி, மிகக் குறைந்த டிக்கெட் வாங்கிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். விழாவிட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார். நாடகம் ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியக்காலை வரை போகும். கடைசி வரிசையை விடியும்வரை விழித்திருக்கச் செய்கிறவன்தான் நடிகன்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறையும் அப்போது இருந்தது. இன்றும் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் பார்க்கலாம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. சுவாமிகள் எழுதிய நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், அன்று மாலை சந்தித்து அன்று இரவே மேடை ஏறிவிடுவார்கள். கதை பொது. ஆனால் ஒருவர் பாடிவிட்டுக் கேள்வி போட்டால், மற்றவர் அந்த இடத்திலேயே பாட்டால் பதில் சொல்ல வேண்டும். கூட்டம்தான் நடுவர். யார் ஜெயித்தார்கள் என்பதைக் கைதட்டல் சொல்லிவிடும்.

நாடகம் என்றால் மட்டம் என்று ஒதுங்கியிருந்த சங்கீத வித்வான்களும் கிட்டப்பா பாடுகிறார் என்றால் வந்து கேட்டார்கள். படித்த உத்தியோகஸ்தர்களும், பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே பாட்டுக்குத் தலையாட்டினார்கள். பின்னாளில் திரையில் கொடிகட்டிப் பறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் பாணியில் கிட்டப்பாவின் சாயல் உண்டு என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள்.

கொழும்பில் சந்தித்த இரு குரல்கள்

கிட்டப்பாவின் கதையில் இரண்டாவது பெயர் இல்லாமல் முடியாது. காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். அவரும் வறுமையில் வளர்ந்து, சிறுமியாகவே மேடைக்கு வந்தவர். 1926 வாக்கில் இலங்கையில் அவருக்கு ஏகப்பட்ட பெயர். அந்த நேரத்தில் கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன என்று நாடகம் நடத்துபவர்களுக்குத் தோன்றியது. கிட்டப்பாவின் குரலுக்கு முன் நிற்க முடியாது, பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர் பயப்படவில்லை.

இருவரும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணம் ஊரையே பேச வைத்தது. வேலன் ஏறினால் வள்ளியும் ஏறுவாள். இவர் ஒரு சங்கதி போட்டால் அவர் அதற்கு மேல் ஒன்று போடுவார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் ஜெயிக்கப் போய் இருவருமே முன்பைவிட நன்றாகப் பாடினார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்தால் இது வருமா? எதிரில் ஒரு சமமான குரல், சுற்றிலும் அடுத்தது என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஜனங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் வரும்.

1927-ல் இருவரும் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே திருமணமாகியிருந்தது. அதனால் அந்த வாழ்க்கையில் மனக்கசப்பும் பிரிவும் இருந்தன. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தபோது, மேடையில் பார்த்த ஜோடிக்குப் பின்னால் எவ்வளவு கண்ணீர் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. எதையும் மறைத்துப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். கீழே எத்தனை சண்டை இருந்தாலும், மேடையில் அந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று விடவே இல்லை.

இருவரும் கதர் உடுத்தினார்கள். புராண நாடகத்துக்கு நடுவே தேசபக்திப் பாட்டுப் பாடினார்கள். கொட்டகை முழுக்க அதற்கு ஆரவாரம் செய்தது. மேடைக்கு முன்னால் கூடியிருப்பது வெறும் கூட்டம் இல்லை, ஒரு நாடு என்பதை அன்றைய போலீசும் புரிந்துவைத்திருந்தது. அதனால்தான் நாடகக் கொட்டகைகள் மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கண்.

மூன்று நிமிடத் தட்டு

தென்காசியில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. 1960-களின் கடைசி. நான் பள்ளி மாணவன். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டு வைக்கும் வேலை எனக்கு. அதில்தான் முதன்முதலாகக் கிட்டப்பாவைக் கேட்டேன். தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் ஒரு தியாகராஜ கீர்த்தனை. இன்னொரு தட்டில் வள்ளலாரின் விருத்தம். எனக்கு ராகமெல்லாம் தெரியாது. ஆனால் அந்தக் குரல் மேலே போகும்போது கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

பெரியப்பா சிறு வயதில் கிட்டப்பாவின் நாடகத்தை நேரில் பார்த்தவர். நான் ஆசையாகத் தட்டு வைத்தால் அவர் கொஞ்ச நேரம் கேட்பார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். தட்டில் இருப்பது ரசீதுதான், சரக்கு கொட்டகையோடு போய்விட்டது என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அன்று புரியவில்லை. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்து ரசீதும் சரக்கும் தினம் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

அந்த இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், கூடிப்போனால் மூன்றரை. அதற்குள் ஆரம்பித்து முடித்துவிட வேண்டும். மூடிய அறை. எதிரில் ஒரு கருவி. கைதட்டல் இல்லை, தலையாட்டல் இல்லை, பின்னாலிருந்து சத்தம் வரும் கடைசி வரிசை இல்லை. கொட்டகையில் ஒரே விருத்தத்தை ஜனங்கள் விரும்பும் வரை நீட்டி, ராகத்துக்கு ராகம் மாறி, கேட்பவர் முகம் பார்த்துப் பாதை மாற்றிப் பாடியவருக்கு அந்த மூன்று நிமிடம் எப்படி இருந்திருக்கும்? இருந்தாலும் அந்தத் தட்டுகள் வீடுவீடாகப் போயின. அவை இல்லாவிட்டால் இன்று நமக்கு ரசீதுகூட மிஞ்சியிருக்காது. அதற்காக அந்தக் கருவிக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

1931-ல் காளிதாஸ் என்ற முதல் பேசும் படம் தமிழில் வந்தது. நாடக நடிகர்கள் ஒவ்வொருவராகச் சினிமாப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடையும் நிற்கும் விதமும் ஒரு அடி பிலிமில்கூட இல்லை. பார்த்தவர்கள் போனதோடு அதுவும் போயிற்று.

கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்

இதுவரை சொன்னது வரவுப் பக்கம். பற்றுப் பக்கமும் இருக்கிறது.

அக்காலத்தில் ஒன்ஸ்மோர் என்று ஒரு வழக்கம். பாட்டுப் பிடித்துவிட்டால் மறுபடி பாடச் சொல்லிக் கூச்சல் எழும். நடிகர் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். மறுபடியும் கேட்பார்கள், மறுபடியும் பாட வேண்டும். கதையில் செத்துக் கிடக்கும் பாத்திரமே எழுந்து பாட்டைத் திரும்பப் பாடிவிட்டு மறுபடி செத்த கதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கைதான். ஆனால் மைக் இல்லாமல், உச்ச சுருதியில், விடிய விடிய, ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் ரயிலில் போய்ப் பாடுகிற ஒரு தொண்டைக்கும் உடம்புக்கும் அது வேடிக்கை இல்லை.

பிறகு ஏன் அவர்கள் மறுக்கவில்லை? பணத்துக்காக என்று சொல்லிவிடலாம். அதே டிக்கெட்டுக்கு இரண்டாம் முறை பாடினால் கூடுதல் பணம் வராது. மறுக்க முடியாததற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். எனக்கே ஒரு சின்ன அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலக ஆண்டு விழா நாடகத்தில் எனக்குத் தபால்காரர் வேடம். மொத்தம் நாலு வரி வசனம். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்காத வரிக்கு, அன்று மேடையில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். என் கால் நடுக்கம் அந்த நொடியில் நின்றது. அடுத்த வரியை உடனே சொல்லாமல், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அந்தச் சிரிப்பே சொல்லித் தந்தது. வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. மறுநாளும் அந்த நாடகம் இருக்காதா என்றிருந்தது.

நாலு வரித் தபால்காரனுக்கே இப்படி என்றால், ஆறு வயதிலிருந்து அதையே உண்டு வளர்ந்த கிட்டப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! தான் செய்தது சரியா என்பதற்குப் பதில் அந்தக் கணத்திலேயே கிடைக்கிறது. நம் மாதிரி வேலைகளில் அது கிடைப்பதே இல்லை. நான் சரியாகப் போட்ட ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு யாரும் கைதட்டியதில்லை. தப்பாகப் போட்டது மட்டும்தான் திரும்பி வரும்.

27 வயதுக்குள் ஏறத்தாழ 21 வருடம் மேடையில் கழிந்திருந்தது. உடல்நலம் கெட்டது. ஓய்வு எடுத்திருக்கலாம். ஆனாலும் போய்க்கொண்டே இருந்தார். 1933 அக்டோபரில் திருவாரூரில் நடந்த நாடகம்தான் கடைசி. டிசம்பர் 2-ம் தேதி காலமானார். 27 வயது, மூன்று மாதம், சில நாட்கள்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைப் புடவை கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் நந்தனார் படத்தில் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்துக்கு நடிக்க ஒப்புக்கொண்டபோதும் நந்தனாராக, ஆண் வேடத்தில்தான் நடித்தார். நம் தலைமுறைக்கு அவர் திருவிளையாடல் படத்து ஔவையார். 1980-ல் மறையும்வரை அந்த முடிவிலிருந்து மாறவில்லை. வள்ளி திருமணத்தில் தன்னை ஜெயிக்க வந்த அந்தக் குரலின் இடத்தில் வேறொரு குரலை அவர் வைக்கவே இல்லை.

கேட்பதும் ஒரு வேலை

வெளிநாடுகளிலும் இந்தக் கதை உண்டு. உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் பாடகர்கள் 1966-ல் பயணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964-க்குப் பிறகு மேடையே வேண்டாம் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். ஆக, ஜனங்கள் கூடினால் மட்டும் போதாது. கேட்கத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். கத்தினாலும் கலைஞன் போய்விடுவான், அளவில்லாமல் கேட்டாலும் தேய்ந்துவிடுவான், வராமலே இருந்தாலும் வாடிவிடுவான்.

கொரோனா வந்த 2020-ல் சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் பெரும்பாலும் இணையத்தில்தான் நடந்தன. காலி நாற்காலிகளுக்கு முன் வித்வான்கள் பாடினார்கள். குரல் துல்லியம், படம் துல்லியம். பாடி முடித்ததும் ஒரு நொடி அமைதி. அந்த அமைதியில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

கேட்பதில் பெயர் வாங்கியவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். குற்றாலத்தில் அவர் வீட்டைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். அவர் பாடகர் அல்ல, நடிகர் அல்ல. ஒரு பாட்டை ஒருவர் சொன்னால், அதை அவர் அனுபவிக்கும் விதத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். அவர் முன் பாடினால் தங்களுக்கே தெரியாத அழகு தங்கள் பாட்டில் வெளிவருவதை உணர்ந்தார்கள். ரசிப்பதற்காகவே மணி என்று பட்டம் வாங்கிய ஒருவர் வாழ்ந்த மண் இது.

இன்னும் பழைய கதையும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியது தனியே உட்கார்ந்து படிப்பதற்கு அல்ல, சபையில் ஆடிப் பாடுவதற்கு. கோயிலுக்கு அருகே சித்திர சபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சபை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆடும் இடத்துக்கும் சபை என்றுதான் பெயர், கூடியிருக்கும் ஜனங்களுக்கும் சபை என்றுதான் பெயர்.

இனி நம் ஹாலுக்கு வருகிறேன்.

போன வருடம் சி பிளாக் குழந்தை ஒன்று பாடும்போது இரண்டாவது அடி மறந்து நின்றுவிட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. அம்மா எழுந்து போகப் பார்த்தார். அப்போது முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒன்றும் பேசாமல் தொடையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் போட்டார்கள். ஹாலில் வேறு சத்தமே இல்லை. நாலு தாளம் போனதும் குழந்தைக்கு அடி நினைவுக்கு வந்து, பாடி முடித்தது. அன்று அதற்குக் கிடைத்த கைதட்டல்தான் அந்த மாலையின் மிகப் பெரிய கைதட்டல். இறங்கி வரும்போது அந்த முகத்தை நான் பார்த்தேன்.

வீட்டில் படம் பிடித்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. நடந்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். பிழையில்லாத ஒரு வீடியோ நமக்குக் கிடைத்திருக்கும். தடுமாறினாலும் தன்னைத் தாங்கிக்கொள்ள இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாமலே போயிருக்கும். வாடகைக் கணக்கில் விட்டுப்போன தலைப்பு என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

எனவே என் வேண்டுகோள் இது. மேடை இருக்கட்டும். ஊரில் இல்லாதவர்களுக்காகப் பதிவும் செய்யலாம், அதில் தவறில்லை. பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். குழந்தைகளைத் திரும்பத் திரும்ப ஆடச் சொல்ல வேண்டாம், ஒன்ஸ்மோர் கேட்டது போதும். பார்க்கிறவர்கள் தம் வீட்டுப் பிள்ளையின் முறை முடிந்ததும் எழுந்து போகாமல் கடைசிப் பிள்ளை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் பாடும் பிள்ளைக்கும் கடைசி வரிசை வேண்டும் அல்லவா?

அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் வந்து கை தூக்குங்கள். மேடை உறுதியானால், நிகழ்ச்சிக்கு முன் கிட்டப்பாவின் தட்டு ஒன்றின் பதிவை மூன்று நிமிடம் ஒலிபரப்ப ஏற்பாடு செய்கிறேன். பெரியப்பா இருந்திருந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போயிருப்பார். நாம் கேட்டுவிட்டு, அப்புறம் நம் பிள்ளைகளை நேரில் கேட்போம்.

நாற்காலி போட ஆள் குறைவு என்றார்கள். நான் ஐந்து மணிக்கே ஹாலுக்கு வந்துவிடுகிறேன்.